எழுத்துத் தெரியாத மூன்று வாரம்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கோடை விடுமுறையில் ஜப்பான் போய் வந்திருக்கிறீர்களே டீச்சர், அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள்" என்று நம் கருத்தாளர் கேட்டார். புல்லட் ரயில், செர்ரிப் பூ என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் போனது 2024 மே மாதம். பூவெல்லாம் அதற்கு முன்பே உதிர்ந்துவிட்டது. என் மகள் ஒசாகா நகரத்தில் வேலை பார்க்கிறாள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டு ஆகிவிடும். பகல் முழுக்க நான் தனி ஆள். அதனால் தெருத்தெருவாக நடந்தேன். பசித்தபோது கண்ணில் பட்ட கடையில் சாப்பிட்டேன். மூன்று வாரமும் இதுதான் என் வேலை.

ஆகவே ஒசாகாவின் தெருக்களையும் சாப்பாட்டுக் கடைகளையும் பற்றித்தான் பேசப் போகிறேன். இடையில் என் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றியும் சொல்வேன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். அவனுக்கும் ஒசாகாவுக்கும் என்ன தொடர்பு என்பது போகப் போகத் தெரியும்.

நாட்டின் அடுக்களை

சமூக அறிவியல் ஆசிரியை ஆயிற்றே, ஊரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. ஒசாகா 24 வார்டுகள் கொண்ட நகரம். மக்கள்தொகை சுமார் 27 லட்சம். டோக்கியோ ஆட்சியாளர்களின் ஊர் என்றால் ஒசாகா வியாபாரிகளின் ஊர். எடோ காலத்தில் நாடு முழுவதிலுமிருந்து நெல்லும் அரிசியும் கப்பலில் இங்கே வந்து இறங்கின. சிற்றரசர்களின் கிடங்குகள் ஆற்றங்கரையில் வரிசையாக நின்றன. டோஜிமா என்ற இடத்தில் இருந்த அரிசிச் சந்தைக்கு 1730-இல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. இன்று பங்குச் சந்தையில் 'முன்பேர வணிகம்' என்கிறோமே, அது ஒழுங்கான அமைப்பாக முதலில் நடந்தது அங்கேதான் என்று பொருளாதார வரலாற்றில் சொல்வார்கள்.

வடக்கே ஹொக்கைடோ தீவிலிருந்து கொம்பு என்ற கடற்பாசியும் கப்பலில் இதே ஊருக்கு வந்தது. அந்தப் பாசியையும் காய்ந்த மீனையும் போட்டு இறக்கும் சாறுதான் ஒசாகா சமையலுக்கு அடிப்படை. இத்தனையும் வந்து குவிந்ததால் இந்த ஊருக்கு 'நாட்டின் அடுக்களை' என்று பெயர் வந்தது. சாப்பிட்டுச் சாப்பிட்டே சொத்தை அழிப்பவர்கள் என்ற பொருளில் ஒசாகாக்காரர்களைக் கேலி செய்ய ஒரு சொல்கூட இருக்கிறது. அவர்களும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

வெங்காயத்தாள் சாப்பிட்ட கதை

முதல் நாள் மதியம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன உடோன் கடைக்குள் நுழைந்தேன். உடோன் என்பது கோதுமை மாவில் செய்யும் தடிமனான நூடுல்ஸ். கடை வாசலில் ஒரு இயந்திரம் இருந்தது. முதலில் காசு போட வேண்டும், பிறகு வேண்டிய பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அந்தச் சீட்டைச் சமையற்காரரிடம் கொடுக்க வேண்டும். மகள் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஆனால் அங்கே முப்பது பொத்தான்களுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றிலும் எழுத்து, ஒன்றில்கூடப் படம் இல்லை.

ஜப்பானியர்கள் எழுதுவதற்கு மூன்று வகை எழுத்துகளைப் பயன்படுத்துகிறார்கள். ஹிரகனா 46, கதகனா 46, அவற்றோடு சீனத்திலிருந்து வந்த கஞ்சி. தொடக்கப் பள்ளி முடிப்பதற்குள் ஒரு குழந்தை 1,026 கஞ்சி எழுத்துகளைக் கற்க வேண்டும். எனக்கு அன்றைக்கு ஒன்றுகூடத் தெரியாது. எண்கள் மட்டும் தெரிந்தன. அதனால் விலையைப் பார்த்தேன். மேலே 650, 700 என்று இருந்தது. கடைசி வரிசையில் 100 யென் என்று ஒரு பொத்தான். சின்னக் கிண்ணமாக இருக்கும், முதல் நாள்தானே, ருசி பார்ப்போம் என்று அதை அழுத்திவிட்டேன். எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் என் கழுத்தில் வியர்வை இறங்கியது.

சீட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். சின்னத் தட்டு ஒன்று வந்தது. அதில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் இருந்தது. அவ்வளவுதான்! நான் வாங்கியது உடோனுக்கு மேலே கூடுதலாகத் தூவிக்கொள்ளும் வெங்காயத்தாள் மட்டும்.

நீங்கள் இப்போது சிரிப்பது போல நானும் இன்று சிரிக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. முப்பது வருடம் பாடம் நடத்தியவள், இரண்டு பட்டம் வாங்கியவள், குனிந்த தலை நிமிராமல் பச்சை வெங்காயத்தாளைத் தின்றுகொண்டிருந்தேன். தெரிந்தேதான் வாங்கினேன் என்று மற்றவர்கள் நினைக்கட்டும் என்று. ஆசிரியர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். தெரியாததை மறைக்க நான் நடித்தேன்.

சமையற்கட்டிலிருந்து என் வயதுள்ள ஒரு அம்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மெதுவாகக் கையைக் காட்டி வாசலுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே நுழையும்போது நான் கவனிக்காமல் விட்டது. கடையில் கிடைக்கும் ஒவ்வொரு உணவும் கிண்ணத்தோடு, அதே அளவில், அதே நிறத்தில் பிளாஸ்டிக்கில் செய்து வைக்கப்பட்டிருந்தது. நான் ஒன்றை விரலால் காட்டினேன். அவர் என்னை மறுபடி இயந்திரத்துக்கு அழைத்து வந்து, எந்தப் பொத்தான் என்று காட்டினார். அழுத்தியது என் விரல்தான். ஐந்து நிமிடத்தில் சூடான கிண்ணம் வந்தது. மேலே இனிப்பாகப் பொரித்த சோயா தயிர்க்கட்டி ஒரு துண்டு. அந்த வெங்காயத்தாளையும் எடுத்து அதன் மேல் தூவிவிட்டார்.

அதன் பெயர் கிட்சுனே உடோன், நரி உடோன் என்று பொருள் என்று மகள் இரவில் சொன்னாள். நரிக்குப் பொரித்த சோயாக்கட்டி பிடிக்கும் என்று அந்த நாட்டில் ஒரு நம்பிக்கை. அந்த உணவு பிறந்ததே ஒசாகாவில்தானாம். நம் ரூபாயில் ஏறக்குறைய 350.

என் பையன்

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வகுப்புப் பையன் நினைவுக்கு வந்தான்.

முந்தைய ஆண்டு ஆறாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் சேர்ந்தவன். அப்பா உப்பளத்தில் வேலை. பாடத்தை ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கச் சொல்வது என் வழக்கம். அவன் முறை வந்தது. எழுந்தான், வாசிக்கவில்லை. "ஆறாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியலையா? வாசிக்கிற வரைக்கும் நில்லு" என்றேன். பாடவேளை முடியும்வரை நின்றான். அடுத்த வாரமும் நின்றான். அதன்பிறகு செவ்வாயும் வியாழனும் வருவதை நிறுத்திவிட்டான். அந்த இரண்டு நாளும் எனக்கு அந்த வகுப்பில் முதல் பாடவேளை. பதிவேட்டில் 'மெல்லக் கற்போர்' என்ற தலைப்பின் கீழ் அவன் பெயரை எழுதினேன். பக்கத்தில் 'கவனமின்மை' என்றும் எழுதினேன். என் கையெழுத்துதான், இன்னும் இருக்கிறது.

அவன் சில சமயம் புத்தகத்தைப் பார்த்து உதட்டை மட்டும் அசைப்பான். ஏமாற்றுகிறான் என்று நினைத்திருந்தேன். பச்சை வெங்காயத்தாளைத் தின்ற பிறகுதான் அது என்னவென்று புரிந்தது.

கண்ணால் படிக்கும் ஊர்

அடுத்த நாளிலிருந்து நான் ஊரைப் பார்த்த விதம் மாறியது. எழுத்துத் தெரியாத ஒருவருக்கு இந்த ஊர் எப்படியெல்லாம் வழி சொல்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

நம்பா என்ற பகுதியில் டோகுயாசுஜி என்று ஒரு கடைவீதி. ஹோட்டல் நடத்துபவர்களுக்கு வேண்டிய பாத்திரம், கத்தி, அடுப்பு, துணித்திரை எல்லாம் அங்கே கிடைக்கும். கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் மாதிரி உணவுகளையும் விற்கிறார்கள். இவாசாகி டாகிசோ என்பவர் 1932-இல் இதே ஒசாகாவில் மெழுகில் உணவு மாதிரி செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவருக்கு முன்பும் சிலர் செய்து பார்த்திருக்கிறார்கள். அதைப் பெரிய தொழிலாக வளர்த்தவர் அவர். இன்று மெழுகுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக். நாம் துணைக்கருவி என்று அட்டையில் வெட்டி ஒட்டுகிறோமே, இந்த ஊரில் தெருவெல்லாம் துணைக்கருவிதான். வாசிக்கத் தெரியாதவன் விரலை நீட்டினால் போதும்.

அங்கிருந்து நடந்தால் டோடோன்போரி. 1615-இல் வெட்டி முடித்த கால்வாய். இரு கரையிலும் சாப்பாட்டுக் கடைகள். ஒரு கடையின் முகப்பில் கால்களை அசைக்கும் ராட்சச நண்டு. வேறு கடைகளில் ஆக்டோபஸ், டிராகன். பாலத்துக்கு அருகே இரு கைகளையும் தூக்கி ஓடிவரும் ஓட்டக்காரரின் விளம்பரப் பலகை, முதலில் 1935-இல் வைத்தது, புதுப்பித்துப் புதுப்பித்து நிற்கிறது. எனக்கு வழி சொன்னவை இவைதான். 'நண்டுக்கு வலது பக்கம், ஓட்டக்காரருக்கு எதிரே' என்று மகளுக்கு நான் இருக்கும் இடத்தைச் சொல்வேன்.

நம் நாட்டில் 1951-52 பொதுத் தேர்தலில் சின்னங்கள் வந்தது ஏன் என்று எட்டாம் வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருப்பேன்! படிக்கத் தெரியாதவரும் வாக்களிக்க வேண்டும் என்பதற்காக. அந்த ஒரு வரியின் பொருளை டோடோன்போரி பாலத்தில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

ஓடும் பட்டையில் தட்டுகள் வரும் சுஷிக் கடையும் இந்த ஊர்ப் பக்கத்துக் கண்டுபிடிப்பே. ஷிராய்ஷி யோஷியாகி என்பவர், பீர் ஆலையில் புட்டிகள் பட்டையில் நகர்ந்து போவதைப் பார்த்து, 1958-இல் ஒசாகாவை ஒட்டிய ஹிகாஷி ஒசாகாவில் முதல் கடையைத் தொடங்கினார். நான் போன கடையில் தட்டின் நிறம்தான் விலை. வேண்டியதை எடுத்துச் சாப்பிட்டு, தட்டுகளை அடுக்கி வைத்தால் அவர்கள் எண்ணிக்கொள்வார்கள். அன்று ஒரு வார்த்தை பேசாமல், ஓர் எழுத்துப் படிக்காமல், தலைநிமிர்ந்து சாப்பிட்டேன்.

போனில் மொழிபெயர்ப்புச் செயலி இல்லையா என்று கேட்பீர்கள். முதல் நாள் என் போனில் இணையம் இல்லை. பிறகு மகள் ஏற்பாடு செய்தாள். அச்செழுத்தை அது ஓரளவு நன்றாகவே படித்தது. கடை வாசலில் தொங்கும் துணித்திரையில் தூரிகையால் எழுதியதைக் காட்டினால் திணறியது. என்னைப் போலவே அதற்கும் சில எழுத்து வராது என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல்!

பணியாரக் கல்லும் மாசியும்

எல்லாமே அந்நியமாக இருந்தால் கற்க முடியாது. தெரிந்தது ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தெரியாததற்குப் போக முடியும். பயிற்சிகளில் நமக்குச் சொல்வதுதான் இது. எனக்கு அது தகோயாகிக் கடையில் நடந்தது.

தெருவோரக் கடை. வார்ப்பிரும்புக் கல்லில் வரிசையாகக் குழிகள். நம் குழிப்பணியாரக் கல்லேதான், குழி மட்டும் இன்னும் நிறைய. மாவை ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு ஆக்டோபஸ் போட்டு, கூரான குச்சியால் திருப்பித் திருப்பி உருண்டையாக்குகிறார்கள். 1930-களில் ஒசாகாவில் பிறந்த பலகாரம் இது. முன்பு இதே போன்ற உருண்டைக்குள் மாட்டிறைச்சி வைத்து விற்றவர், 1935-இல் ஆக்டோபஸுக்கு மாறினார் என்று அதன் கதையைச் சொல்கிறார்கள். அந்தக் குச்சி திரும்புவதை நான் பார்த்த பார்வையைக் கடைக்காரப் பையன் கவனித்து, குச்சியை என்னிடம் நீட்டினான். எனக்கா தெரியாது! நாலு உருண்டையைத் திருப்பிக் காட்டினேன். அவன் கைதட்டினான். ஒசாகா வந்து ஐந்து நாளில் நான் கெட்டிக்காரியாக இருந்த முதல் நிமிடம் அது. அதன்பிறகு அவன் சொல்லிக்கொடுத்த மூன்று ஜப்பானியச் சொற்கள் உடனே மனதில் நின்றன. அதற்கு முன் மகள் முப்பது சொல் சொல்லிக்கொடுத்தும் ஒன்றுகூட நிற்கவில்லை.

மேலே தூவிய மெல்லிய சீவல் சூட்டில் நெளிந்தது. வாயில் போட்டதும் எங்கள் வீட்டு அடுக்களை வாசம். மாசி! கட்சுவோபுஷி என்று பெயர் சொன்னார்கள். சூரை மீனை அவித்து, புகையூட்டி, கல் போல உலர்த்தியது. நம் கடற்கரையில் மாசிச் சம்பலுக்கு இடிப்பதும் அதே சூரைதான். கடலோர ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் யாராவது அங்கே போவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். கண்ணுக்கு மீன் தெரியாத குழம்பிலும் சாறிலும் இந்த மாசிச்சாறு இருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

என் முதல் எழுத்து

தென்ஜின்பாஷிசுஜி என்று ஒரு கடைத்தெரு. கூரை போட்ட தெரு, நீளம் சுமார் 2.6 கிலோமீட்டர். ஜப்பானிலேயே நீளமான கடைத்தெரு என்பார்கள். ஏறக்குறைய 600 கடைகள். பழைய புத்தகக் கடை, தேநீர்த்தூள் கடை, சுடச்சுட உருளைக்கிழங்குப் பொரியல் விற்கும் இறைச்சிக் கடை என்று போய்க்கொண்டே இருக்கும். ஒன்றாம் பகுதி, இரண்டாம் பகுதி என்று எண் போட்டிருப்பதால் எனக்கு வசதி. பக்கத்தில் கல்வித் தெய்வத்தின் கோயில் ஒன்று இருக்கிறது. தேர்வு எழுதும் பிள்ளைகள் சின்ன மரப்பலகையில் வேண்டுதலை எழுதித் தொங்கவிடுகிறார்கள். தேர்வு பயம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

அந்தத் தெருவில் தினமும் நடந்ததில் உடோன் கடையின் துணித்திரை எனக்குப் பழகிவிட்டது. மூன்று எழுத்து. தனித்தனியாகத் தெரியாது. மொத்தமாக ஒரு படம் மாதிரி மனதில் இருந்தது. ஒருநாள் வேறொரு கடையின் திரையில் முதல் எழுத்து மட்டும் அதே போல இருந்தது. அதையே நெளிகிற மீன் வடிவத்தில் வரைந்திருந்தார்கள். விலாங்கு மீன் கடை. விலாங்குக்கு ஜப்பானிய மொழியில் உனாகி. உடோன், உனாகி. அப்படியானால் அந்த எழுத்து 'உ'!

தெருவில் நின்று நான் சத்தமாக "உ" என்றேன். யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ! அன்று மாலை ரயில் நிலையப் பலகையில் 'உமேதா' என்ற ஊர்ப் பெயரில் அதே 'உ'. உடோனின் கடைசி எழுத்து நம்பா நிலையத்தின் பெயரில் நடுவே வந்து நின்றது. ஒரு எழுத்து தெரிந்ததும் ஊர் முழுக்க அது என்னைக் கூப்பிட்டது. ஐம்பத்தைந்து வயதில் இந்த மகிழ்ச்சி எனக்குக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. நம்மிடம் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! நாமோ அன்றைய பாடக்குறிப்பு முடிந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வயதான பிள்ளைகள்

ஷின்செகாய் என்ற பகுதிக்கும் போனேன். 1912-இல் பாரிஸையும் நியூயார்க்கையும் பார்த்து அமைத்த கேளிக்கைப் பகுதி. நடுவே ஒரு கோபுரம். பழைய கோபுரம் போர்க்காலத்தில் தீக்கு இரையாகி, இரும்புக்காகப் பிரிக்கப்பட்டது. இப்போது இருப்பது 1956-இல் கட்டியது. அங்கே குச்சியில் செருகிப் பொரித்த குஷிகட்சு பிரபலம். எல்லாருக்கும் பொதுவான சாஸ் பாத்திரத்தில் ஒரு முறைதான் தொட்டுக்கொள்ள வேண்டும், கடித்ததை மறுபடி தொடக் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் சாஸைப் புட்டியில் வைத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த விதியைப் படமாக எழுதிய பலகைகள் தொங்குகின்றன. சாஸ் போதவில்லை என்றால் என்ன செய்வது? இலவசமாகத் தரும் முட்டைக்கோஸ் இலையால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். விதி போட்டவர்கள் அதற்கு ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். நம் வகுப்பறை விதிகளில் அந்த முட்டைக்கோஸ் இலை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

என்னை அதிகம் பாதித்த இடம் ட்சுருஹாஷி. ரயில் கதவு திறந்ததும் சுட்ட இறைச்சி வாசம் வரும். இறங்க வேண்டிய இடத்தை மூக்கே சொல்லிவிடும். கொரிய மக்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1920-களில் ஜேஜு தீவுக்கும் ஒசாகாவுக்கும் நேரடிக் கப்பல் ஓடியது. பிழைப்புத் தேடி வந்தவர்கள் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். இன்று அந்தச் சந்தையில் கிம்ச்சி வாளிகளும் காய்ந்த மீனும் குவிந்து கிடக்கின்றன.

அப்படி வந்த குடும்பங்களில் பல பெண்கள் பள்ளிக்கூட வாசலையே பார்க்காதவர்கள். ஒசாகாவில் இரவு நேர நடுநிலைப் பள்ளிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகள்தான். பேரன் பேத்தி எடுத்த பிறகு அந்தப் பெண்கள் பலர் அங்கே போய் எழுதப் படிக்கக் கற்றிருக்கிறார்கள். இதை மகளின் தோழி சொன்னபோது எனக்கு நம் அறிவொளி இயக்கம் நினைவுக்கு வந்தது. கல்லூரி முடித்த வயதில் நானும் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் லாந்தர் வெளிச்சத்தில் பாடம் நடத்தியவள். அந்தப் பாட்டிமாரிடம் நான் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. தவறாக எழுதினால் சேர்ந்து சிரிப்போம். அதே நான், அதே உப்பளத்துப் பையனை ஏன் நிற்க வைத்தேன்?

திரும்புவதற்கு முன் கிதாஹாமா பகுதியில், உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் தெகிஜுகு என்ற பழைய பள்ளி வீட்டைப் பார்த்தேன். மருத்துவர் ஒகாதா கோவான் 1838-இல் தொடங்கிய பள்ளி. டச்சு மொழியில் மருத்துவமும் அறிவியலும் கற்றுக்கொடுத்தார்கள். அத்தனை மாணவர்களுக்கும் பெரிய டச்சு அகராதி ஒரே பிரதிதான். அதற்கென்று மாடியில் ஒரு தனி அறை. முறை போட்டுப் பார்ப்பதால் இரவில் அந்த அறையில் விளக்கு அணையாது என்பார்கள். அங்கே படித்த ஃபுகுசாவா யுகிச்சியின் படம்தான் அப்போது என் பணப்பையில் இருந்த 10,000 யென் நோட்டில் இருந்தது. பக்கத்திலேயே 1880-இல் ஊர் மக்கள் தொடங்கிய மழலையர் பள்ளி. 1901-இல் கட்டிய மரக் கட்டடத்தில் இன்றும் குழந்தைகள் படிக்கிறார்கள். வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டேன். நம் பள்ளிச் சத்தம்தான்.

ஜூன் மாதம்

பள்ளி திறந்தது. பையன் ஏழாம் வகுப்பு. மதிய உணவுக்குப் பிறகு அவனை மரத்தடிக்குக் கூப்பிட்டேன். பயந்துகொண்டே வந்தான். உடோன் கடைச் சீட்டு ஒன்றைப் பத்திரமாக எடுத்து வந்திருந்தேன். "இதைப் படிடா" என்றேன். விழித்தான். "எனக்கும் ஒரு எழுத்துதான் தெரியும்" என்று சொல்லி வெங்காயத்தாள் கதையைச் சொன்னேன். முதலில் அடக்கிக்கொண்டான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "அங்க ஒங்கள யாராச்சும் நிக்க வச்சாங்களா டீச்சர்?"

"இல்லைப்பா" என்றேன். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் உன்னை நிற்க வைத்தது தப்பு" என்று சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவனாகவே பேசினான். "நானும் அப்படித்தான் டீச்சர். கண்ணாடியில வேல் ஒட்டியிருந்தா அது எங்க ஊர் பஸ்." மருந்துக் கடையில் ஆத்தாளுடைய சர்க்கரை மாத்திரையை அட்டை நிறத்தை வைத்து வாங்குவானாம். கேட்கக் கேட்க அசந்துபோனேன். மூன்று வாரம் நான் செய்ததை இந்தப் பையன் ஆறு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறான். கவனமின்மை என்று நான் எழுதியது இவனைப் பற்றித்தான்!

"படிக்கத் தெரிஞ்ச வார்த்தை ஒண்ணாவது இருக்கா?" என்றேன். "உப்பு" என்றான். லாரியில், மூட்டையில், அப்பா வேலை பார்க்கும் இடத்துப் பலகையில் பார்த்துப் பார்த்து மொத்தமாகத் தெரியும். எனக்கு உடோன் தெரிந்தது போல. மறுநாள் அவனையும் இன்னும் நாலு பேரையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கு எதிரே உள்ள கடைவீதியில் நடந்தேன். "உப்புல வர்ற முதல் எழுத்து எங்கெல்லாம் இருக்குன்னு பாருங்க" என்றேன். கடைக் கணக்கு நோட்டின் மேலே பிள்ளையார் சுழியைக் காட்டினார்கள். உரக்கடையைக் காட்டினார்கள். டீக்கடைக்குப் பக்கத்தில் இருந்த பலகையை அவன்தான் காட்டினான். உணவகம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எகர ஏகார வரிசை அவனுக்கு இன்னும் தடுமாறுகிறது. நீண்ட பத்தியைக் கண்டால் முகம் மாறிவிடுகிறது. ஆனால் செவ்வாயும் வியாழனும் வருகிறான். வாரம் ஒருநாள் கடைப்பலகை வாசிப்பு நடக்கிறது. வகுப்பில் யாரையும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன். முதல் நாளே பத்தியைக் கொடுத்து, வீட்டிலோ நண்பனிடமோ வாசித்துப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். 'எண்ணும் எழுத்தும்' வகுப்பு ஆசிரியை தன் படஅட்டைகளை எனக்கு இரவல் தருகிறார். பதிவேட்டில் 'கவனமின்மை' என்ற சொல்லை அடித்துவிட்டேன். அதன் பக்கத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. காலியாக விட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதற்காக ஒசாகா வரைக்கும் போக வேண்டியதில்லை. அடுத்த முறை வெளிமாநிலம் போனால், எழுத்துத் தெரியாத ஒரு கடைக்குள் தனியாகப் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். போனை எடுக்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது உங்கள் கழுத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். திரும்பி வந்த பிறகு உங்கள் வகுப்பின் கடைசிப் பலகையைப் பாருங்கள்.

தேநீர் வந்துவிட்டது போலிருக்கிறது.